மடியில் ஒன்றேகால் கிலோ: இடுப்புப் பையில் கைத்துப்பாக்கி, நீண்ட நாள் பயன்பாட்டில்

டெக்சஸில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அரைக்கால் சட்டையும் டி-சர்ட்டும்தான் உடை. கால்சட்டையின் இடுப்புக்குள் செருகும் துப்பாக்கி உறைக்குத் தடித்த பெல்ட் வேண்டும், அதை மறைக்கத் தொங்கும் மேல்சட்டை வேண்டும். ஓடப் போகிறவரும், நாடா கட்டிய டிராயர் போட்டவரும், லெக்கின்ஸோ சல்வாரோ அணிந்தவரும் பெல்ட்டை எங்கே கட்டுவது? அந்த இடத்துக்குத்தான் இடுப்புப் பை. 1980-களிலேயே துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்த பைகள் அமெரிக்கக் கடைகளில் இருந்தன. நடுவில் கேலிப்பொருளாகி, சில ஆண்டுகளாக எல்லோர் இடுப்பிலும் தோளிலும் சாதாரணப் பைகள் மறுபடி தொங்க ஆரம்பித்த பிறகு, இதுவும் யார் கண்ணையும் உறுத்தாத பொருளாகிவிட்டது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலருக்கு முதலில் தெரியவேண்டியது பையைப் பற்றியதே அல்ல. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் வழக்கோடு நிற்காது, நாடுகடத்தல் வரை போகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம். ஆனாலும் உரிமம் வாங்கிவிடுவதே நல்லது. பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டரசுச் சட்டத்தில் மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்கு இருக்கிறது, உரிமம் இல்லாதவருக்கு இல்லை. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிற வழியில் அந்த எல்லைக்குள் நுழையாமல் இருக்க முடியுமா? மதுக்கடை வாசலில் சிவப்பில் 51% என்ற பலகை இருந்தால் துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. தபால் நிலையத்துக்கும் அப்படியே.

இனி அளவு. எடுத்துக்காட்டுக்கு கிளாக் 43எக்ஸ்: நீளம் 165 மில்லிமீட்டர், உயரம் 128, தடிமன் 28. மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு) நிரப்பிய நிலையில் 660 கிராம் அளவில் வரும். கூடுதலாக ஒரு நிரப்பிய மேகசின் 195 கிராம், உறை 70, பை 350 என்று கூட்டினால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டுகிறது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே பயத்துக்கு முன் வருவது இடுப்புவலி. 25 மில்லிமீட்டர் அகல வார் இந்த எடையில் ஒரு மணி நேரத்திலேயே வெட்ட ஆரம்பிக்கும். 38 மில்லிமீட்டர் வார் வேண்டும், முதுகுப் பக்கம் கொஞ்சம் அகன்ற பட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. பையின் உள்ளறை குறைந்தது 21 சென்டிமீட்டர் நீளமும் 14 உயரமும் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதில் துப்பாக்கி நுழைந்துவிடும், ஆனால் பிடியைச் சுற்றி விரல் நுழையாது.

பையை விட முக்கியமானது உள்ளே இருக்கும் உறை. நிறையப் பைகளில் எலாஸ்டிக் பட்டை ஒன்றைத் தைத்துவிட்டு அதையே உறை என்று விற்கிறார்கள். எலாஸ்டிக் துப்பாக்கியைப் பிடித்துவைக்கும், டிரிகரைக் காக்காது. துணிக்கு மேலிருந்து ஒரு விரலோ, உள்ளே கிடக்கும் பேனாவோ டிரிகர் வளையத்துக்குள் புகுந்து அழுத்த முடிந்தால், குழலின் பின்முனை அறையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி வெடிக்கும். டிரிகர் வளையம் முழுவதையும் மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை இல்லாமல் இந்தப் பையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டிரிகரை மட்டும் மூடும் சிறு கவசங்களும் உண்டு. அதன் கயிற்றைப் பையில் தைத்த வளையத்தில் கட்டிவிட்டால், துப்பாக்கியை இழுக்கும்போது கவசம் கழன்று பையிலேயே தங்கிவிடும். எடை குறைவு, இடமும் குறைவு. கயிறு தளர்வாக இருந்தால் மட்டும் கவசம் கழலாமல் துப்பாக்கியோடு வெளியே வந்து நிற்கும். அந்த அறையில் சாவி, சில்லறை, லிப் பாம் எதுவும் கூடாது. அதற்கெல்லாம் முன்னறை இருக்கிறது.

உறையைப் பைக்குள் நிறுத்துவது வெல்க்ரோ. இங்கேதான் பெரும்பாலான பைகள் தோற்கின்றன. வெல்க்ரோ தன் பரப்போடு ஒட்டி இழுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் விசைக்குச் சட்டென்று விட்டுக்கொடுக்கும். பையிலிருந்து துப்பாக்கியை மேல்நோக்கி, பின்சுவரோடு இணையாக இழுத்தால் உறை நிற்கும். அவசரத்தில் கை முன்னால் சாய்த்து இழுத்தால் உறையோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். உறையின் முதுகு முழுவதும் வெல்க்ரோ இருக்க வேண்டும், அதுவும் பசையில் ஒட்டியது அல்ல, திருகால் பிணைத்தது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகிவிடும். பை வாங்கிய அன்றே, துப்பாக்கியைக் காலிசெய்து, தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு, 20 முறை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு முறை உறையோடு வந்தாலும் அந்த அமைப்பு ஆகாது.

அடுத்தது குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. வயிற்றின் முன்னால் கட்டிய பையில் வலக்கைக்காரரின் துப்பாக்கி படுத்தவாக்கில் இருந்தால், குழல் வாய் நாள் முழுக்க இடப்பக்கத்தில் இருப்பவரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும். உணவு விடுதியில் பக்கத்து நாற்காலி, காரில் ஓட்டுநர், விளையாட்டுத் திடலில் யாரோ ஒரு குழந்தை. டிரிகர் மூடியிருக்கும்வரை ஆபத்து இல்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பாதுகாப்பு விதிகள் ஒன்றுக்கு மேல் இருப்பதே, ஒன்று தவறும்போது மற்றது பிடித்துக்கொள்ளத்தான். உறையைச் சாய்த்து ஒட்டி, வாய் தரையைப் பார்க்க வைக்கலாம். அதற்காகவே பையின் உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

எடுக்கும் முறை எளிதாகத் தெரியும், கைவர நாளாகும். ஜிப்பின் ரன்னரில் பாராகார்டு என்னும் உறுதியான நைலான் கயிறு முடிந்து, அது வலது மேல் மூலையில் தொங்க வேண்டும். இடக்கை கயிற்றைப் பற்றிக் குறுக்காகக் கிழிக்க, வலக்கை பிடியைப் பற்றும். கிழித்து முடித்த இடக்கை நிற்குமிடம் சரியாகக் குழல் வாயின் முன்! அந்தக் கை தயங்காமல் மார்புக்கு ஏறிவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் வேகத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பவரிடம் பயிற்சி எடுக்க வேண்டாம். இரண்டு கையும் வேண்டும் என்பது இந்தப் பையின் பிறவிக் குறை. ஒரு கையில் குழந்தையோ காய்கறிப் பையோ இருந்தால் பெல்ட் உறையிலிருந்து எடுக்க முடியும், இதிலிருந்து பெரும்பாலும் முடியாது. காரில் இடுப்பு சீட் பெல்ட் பையின் மேலே ஓடினால் ஜிப்பே திறக்காது. பெல்ட் பைக்குக் கீழே போக வேண்டும்.

முதல் மாதத்தில் எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு வார் நழுவ ஆரம்பிக்கும். காலையில் இறுக்கியது மாலையில் இரண்டு விரல்கடை இறங்கியிருக்கும். நைலான் வார் வழுவழுப்பாகி பக்கிளின் பல்லில் பிடிக்காமல் போவதுதான் காரணம். மிச்ச வாரை மடித்து ஒரு டிரைகிளைடு (வாரை இறுக்கிப் பிடிக்கும் நடுக்கம்பி வளையம்) வழியாக விட்டால் நிற்கும். பக்கிளை முதுகுப் பக்கம் விடாதீர்கள். பின்னால் வருபவன் இரண்டு விரலால் அழுத்தினால் பை அவன் கையில். வாரைக் கால்சட்டையின் பெல்ட் வளையங்கள் வழியாகக் கோத்தால் அந்தக் கவலை பாதியாகும்.

ஜிப் ஆறு மாதத்துக்குள் தன் குணத்தைக் காட்டிவிடும். ரன்னரின் முதுகில் பெரும்பாலும் அளவெண் இருக்கும்: 5 என்றால் வேண்டாம், 8 அல்லது 10 பாருங்கள். தினமும் வேகமாகக் கிழித்தால் தேய்வது பல்லை விட ரன்னர்தான். மூடிய பிறகு பின்னால் பல் பிரிந்து நின்றால் அதுதான் அறிகுறி. குறட்டால் ரன்னரின் இரு ஓரத்தையும் லேசாக நெருக்கினால் சில வாரம் ஓடும், அதற்குள் மாற்றிவிட வேண்டும். உள்துணி தளர்ந்து ஜிப்பில் மாட்டுவது இதைவிட மோசம், ஏனென்றால் பாதித் திறப்பில் நின்றுவிடும். ஓரத்தை ஒரு தையல் போட்டு இறக்கினால் தீர்ந்தது.

வியர்வை பையின் பின்சுவர் வழியாக உள்ளே வரும். ஸ்லைடின் (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) பூச்சு தாங்கினாலும் பின், திருகு, மேகசின் விளிம்பு ஆகியவற்றில் பழுப்பு தெரியும். பஞ்சும் தூசியும் குழலுக்குள்ளும் ஸ்லைடின் இடுக்கிலும் சேரும். கோடையில் வாரம் ஒரு முறை துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. வெல்க்ரோவின் கொக்கிகளில் அடைந்த பஞ்சை ஊசியால் நெம்பி எடுத்தால் பிடிப்பு திரும்பும். ஓராண்டு கடந்தும் திரும்பாவிட்டால் மாற்றுங்கள்.

இரவில் தோட்டாவைத் துப்பாக்கிக் குழலின் அறையிலிருந்து எடுத்து, காலையில் அதையே மறுபடி ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரே தோட்டா திரும்பத் திரும்ப ஏறும்போது அதன் முனையில் இருக்கும் குண்டு தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சுடும்போது உள்ளழுத்தம் கூடும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உயர வித்தியாசம் தெரியும். தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். உறையோடு சேர்த்தே துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து அப்படியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் இந்தச் சிக்கலே வராது. இடுப்பில் பை இருக்கும்போது துப்பாக்கியை மறுபடி உறைக்குள் செருகவும் வேண்டாம். கழற்றி, உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துச் செருகி, உறையோடு ஒட்டுங்கள்.

பெல்ட் உறையோடு ஒப்பிட்டால் ஓரிடத்தில் பைக்கே வெற்றி: கழிப்பறை. கால்சட்டை இறங்கினாலும் பை இடுப்பிலேயே இருக்கும். ஆனால் சுலபமாகக் கழல்வதே இதன் கேடும். உணவு விடுதி நாற்காலியில், உடற்பயிற்சிக் கூடத்துக் கொக்கியில், வீட்டுச் சோபாவில் என்று பழக்கதோஷத்தில் கழற்றிவைத்துவிடுவார்கள். பைக்குள் கைவிடும் பிள்ளைக்கு அது பை மட்டுமே. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனமின்றி வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் குற்றம். காரில் விட்டே ஆக வேண்டுமென்றால் இருக்கைச் சட்டத்தில் எஃகுக் கம்பியால் பிணைத்த சிறு பூட்டுப்பெட்டி வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் பெட்டி போதாது.

விமான நிலையக் கதை தனி. 2024-ல் அமெரிக்கச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678, அவற்றில் 94 விழுக்காடு அளவுக்குத் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, பையில் இருப்பதை மறந்துவிட்டேன் என்பதுதான். அபராதம் பத்தாயிரம் டாலரையும் தாண்டலாம். துப்பாக்கிப் பையைப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். பயணத்துக்கு வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் ஒரு பை. துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் முன்னறையின் தையலுக்கடியில் ஒற்றைத் தோட்டா கிடந்தால் எக்ஸ்-ரேயில் அது தெரியும்.