பில்லில் மட்டும் மாறிய குழாய்கள்

டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கிறவர்கள், ஒர்க் ஷாப்பில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

தண்ணீர் லைனை வடித்து, காற்றடித்து, ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவம்) ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். பில்லிலும் அப்படியே எழுதியிருந்தது. சமையல் குழாயைத் திறந்து காட்டினார்கள், ரோஸ் நிறத்தில் வந்தது. சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன். வெளிப்பக்கத்து ஷவரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

பனி விலகியதும் டேங்கை நிரப்பி பம்ப்பைப் போட்டேன். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் அழுத்தம் ஏறியதும் அது தானாக நிற்க வேண்டும். நிற்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் சளசளவென்று சத்தம். பலகையைத் தூக்கினால், வெளி ஷவருக்குப் போகும் லைனில் பிளாஸ்டிக் எல்போ, அதாவது குழாயை வளைத்து இணைக்கும் துண்டு, வாயைப் பிளந்து கிடக்கிறது. கீழே தேங்கியிருந்த பழைய தண்ணீரில் ரோஸ் நிறம் துளிகூட இல்லை.

திரும்ப அதே ஒர்க் ஷாப்புக்கே போனது என் புத்தி. குழாய் எல்லாம் போய்விட்டது, முழு லைனையும் மாற்ற வேண்டும் என்றார்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். பெக்ஸ் என்னும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுத்துப் பெரும்பாலும் தப்பித்துவிடும். உடைவது எல்போ, டாய்லெட் வால்வு, திறந்து மூடும் குழாய்களின் உள்பாகம், பம்ப்பின் தலைப்பகுதி மாதிரியான விறைப்பான சாமான்கள்தான். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் டாய்லெட்டுக்குப் பின்னால் ஈரம். நானே ஸ்க்ரூவைக் கழற்றி டார்ச் அடித்தேன். 'புதிய' குழாயில் கறுப்பு மார்க்கரில் ஒரு அம்புக்குறி. சுடுதண்ணீர் லைன் எது என்று தெரிவதற்காக முன்பொரு நாள் நான் போட்டது! மாற்றியிருந்தது இரண்டு எல்போ மட்டும். அதிலும் ஒன்றை, வளையம் வைத்து இறுக்க வேண்டிய இடத்தில், ஸ்க்ரூ கிளாம்ப் போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள்.

கழற்றிய பழைய குழாயைக் காட்டுங்கள் என்றேன். குப்பைக்குப் போய்விட்டதாம். போட்டோவை நீட்டினேன். அந்த ஒரு இடம் மட்டும் விட்டுப்போயிருக்கும் என்றார்கள்.

டாய்லெட் வால்வை நானே வாங்கி மாட்டினேன், அரை மணி நேர வேலை. இப்போது பம்ப் நான்கைந்து வினாடியில் நின்றுவிடுகிறது, ராத்திரி முழுக்க மறுபடி ஓடுவதில்லை. வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் முன், வெளி ஷவர், டாய்லெட் உட்பட ஒவ்வொன்றிலும், சுடுதண்ணீர்ப் பக்கம் பச்சைத்தண்ணீர்ப் பக்கம் இரண்டிலும், ரோஸ் நிறம் வருகிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். கழற்றிய பழைய சாமான் உங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மாற்றாத குழாய்க்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவையும் மேனேஜர் இப்போதுதான் வெளியே போனாராம்.