உறுதிகளுக்குள் அம்மம்மாக்கள்

இந்த முறை யாழ்ப்பாணம் போனபோது கல்யாண வீடு, கோயில் திருவிழாவுக்கு இடையில் ஒரு நெடுநாள் அலுவலையும் பார்த்தேன். வலிகாமத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் காணி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, தேடினேன். இதே அலுவலாகப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதற்படி பிறப்புப் பத்திரம். அதை எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கட்டணத்தைக் கட்டி வாங்கிவிடலாம். பலர் கவனிக்காத ஒரு கூடு அதில் இருக்கிறது: பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்ட சட்டம் என்பது நினைவுக்கு வந்தது. எப்படியோ, அப்பப்பாவின் பெயரும் ஊரும் எனக்கு அதில் கிடைத்துவிட்டன. அந்தப் பெயரோடுதான் காணிப் பதிவகத்துக்குப் போனேன்.

அங்கே அந்தப் பெயர் செல்லவில்லை. "அண்ணை, ஆளின்ர பேரை மட்டும் வைச்சுத் தேட ஏலாது. உறுதி ஏதும் இருந்தாக் கொண்டுவாங்கோ" என்றார் அலுவலகத்தில் இருந்த தங்கச்சி. பதிவு காணியின் கணக்கில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் வகை, இலக்கம், திகதி, நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) என்று வரிவரியாக ஏறிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தின் இலக்கம், பதிந்து வந்த உறுதியின் முத்திரையிலேயே இருக்கும்.

பெரியம்மாவின் ரங்குப்பெட்டியில் இருந்த சீதன உறுதி கைகொடுத்தது. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தார்கள். காணியின் பெயர், பரப்பும் குழியும் (18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்), கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய பெண்சாதியின் காணி, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால், பனைகள் என்று எல்லாம் எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது இந்த விபரங்கள் உள்ள அட்டவணைக்கு மேலே இருந்த அந்த நீண்ட வசனம்: இந்தக் காணி இன்ன ஆண்டில், இன்ன நொத்தாரிசு முன்னிலையில் முடித்த இன்ன இலக்க உறுதிப்படி எனக்கு உரித்தானது. ஒவ்வொரு உறுதியும் தனக்கு முந்தினதைக் காட்டிக் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகவேண்டியதுதான்.

போகப் போக ஒன்று விளங்கியது. சீதனம் கொடுத்த பெண், அவளுக்குச் சீதனம் கொடுத்த தாய், அந்தத் தாய்க்குக் கொடுத்தவள் என்று வீடு முழுக்கப் பெண்வழியாகவே வந்திருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்), தகப்பனின் முதுசம் (பரம்பரைச் சொத்து) ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பதைத்தான் பழைய வழக்கமாகச் சொல்கிறது. பிறப்புப் பத்திரம் அப்பப்பாவைத் தேடச் சொன்னது. உறுதியில் இருந்தவர்களோ அம்மம்மாவும் அவருடைய அம்மம்மாவும். அவர்களுடைய பெயர்களை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

பதிவகத்தில் ஆட்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் பழைய பதிவேட்டுப் பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டு விமானச் சீட்டின் திகதியைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். இறங்கிய கிழமையே விண்ணப்பித்துவிடுங்கள். "ரெண்டு நாளில எடுத்துத் தாறன்" என்று வாசலில் ஒரு தரகர் என்னிடம் காசு வாங்கினார். கொண்டுவந்து தந்தது நான் அவருக்குக் கொடுத்த உறுதியின் போட்டோக் கொப்பி!

உறுதி தொலைந்தவர்கள் மனம் விடத் தேவையில்லை. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டு உறுதிப் பெட்டிகள் போய்விட்டன. ஆனால் நொத்தாரிசு ஒரு பிரதியைக் கட்சிக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றைப் பதிவகத்துக்கு அனுப்பி, மூலவரைவைத் தன்னிடம் வைத்திருப்பது முறை. உங்களுடைய உறுதி இல்லாவிட்டாலும் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். எல்லை சொல்லுமிடத்தில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கும்.

எங்களுடைய தொடர் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த உறுதியில் முந்தின இலக்கம் எதுவும் இல்லை, "முதுச வழியாலும் நீண்டகால ஆட்சியாலும்" என்று மட்டும் இருந்தது. அதற்கு அப்பால் தேடுவதென்றால் கோயில், தேவாலயப் பதிவுகள், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் என்று வேறு பாதை. அதற்கு டச்சுக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழ்க் கையெழுத்துக்கே எனக்குப் பெரியம்மா தேவைப்பட்டார். 84 வயதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் வாசித்த வேகத்துக்கு என்னால் எழுத முடியவில்லை. "மோனை, உதை முதல்ல படம் எடு, பிறகு எழுதலாம்" என்றார்.