அப்பாவின் காலும் மூன்று போத்தல் அயடீனும்

திருகோணமலைப் பிரதான வீதிப் பாமசி ஒன்றில் வாங்கிய, புண்ணுக்குப் பூசும் 10% போவிடோன் அயடீன் கரைசலைப் பற்றி எழுதுகிறேன். 100 மில்லிலீற்றர் போத்தல், கடும் கபில நிறம். ஐந்து மாதத்தில் மூன்று போத்தல் முடித்துவிட்டோம். விலை அரைக் கிலோ பாரை வாங்கும் காசுக்குள் அடங்கும்.

அப்பாவுக்கு 74 வயது. திருக்கடலூரில் நாற்பது வருடத்துக்கு மேல் தொழிலுக்குப் போனவர். சலரோகத்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. மாசி மாதம் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனவர் உடைந்த சிப்பியை மிதித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அவருக்கே தெரியும்.

இந்தப் போத்தல் வீட்டுக்கு வருவதற்கு முன் நான் விட்ட பிழையை முதலில் சொல்ல வேண்டும். அயலில் ஒரு கடையில் பெரிய கானில் இருந்து ஊற்றித் தரும் கிருமிநீக்கியை வாங்கினேன். லேபல் இல்லை. செட்ரிமைட்டும் குளோரெக்சிடினும் கலந்தது என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கொதித்தாறிய தண்ணீரில் கலந்து பழைய சோடாப் போத்தல் ஒன்றில் வைத்துக்கொண்டேன். பாதி குறைந்ததும் போத்தலைக் கழுவாமல் மேலே ஊற்றி நிரப்புவேன். புண்ணைச் சுற்றிச் சவர்க்காரம் போட்டுத் துடைத்துவிட்டு, நுரை முழுதும் போக முன்னரே இந்த நீரால் கழுவுவேன். மூன்று கிழமை இப்படியே போனது.

ஒரு நாள் கட்டை அவிழ்த்தால் பஞ்சில் பச்சை நிறம். கனிந்து அழியப்போகும் முந்திரிகைப் பழத்தின் இனிப்பு மணம். கிளினிக்கில் டொக்டர் சீழ் எடுத்து அனுப்பினார். சூடோமோனாஸ் என்ற பற்றீரியா என்று முடிவு வந்தது. வீட்டில் என்ன ஊற்றுகிறீர்கள், அதைக் கொண்டுவாருங்கள் என்றார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, உட்சுவரில் பாசி போலப் படிந்திருந்த வழுக்கலைக் காட்டினார். அதிலிருந்துதான் புண்ணுக்குப் போனது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வழுக்கல் போதும். இருபத்திரண்டு வருடம் உயர்தர உயிரியல் படிப்பித்தவள் நான். பற்றீரியாவின் கலச்சுவரைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கிருமிநீக்கிக்குள் கிருமி எப்படி உயிரோடிருக்கும் என்று என் அண்ணா கேட்டார். இருக்கும். செட்ரிமைட்டும் குளோரெக்சிடினும் நேரேற்றம் கொண்டவை. பற்றீரியாவின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டது. அதனால் அவை போய் ஒட்டி, மென்சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதை வெளியே கசிய வைக்கும். தோலில் இருக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் போன்ற கிராம் நேர் (ஒரே மென்சவ்வுள்ள) வகைகள் இதற்குப் பெரும்பாலும் இலகுவில் மடியும். சூடோமோனாஸ் கிராம் மறை வகை. அதற்குக் கலச்சுவருக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு. உள்ளே நுழையும் கொஞ்ச நஞ்சத்தையும் வெளியே தள்ளும் பம்புப் புரதங்களும் உண்டு. போதாக்குறைக்கு, பல கலங்கள் சேர்ந்து பசைப் படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். போத்தலின் வழுக்கல் அந்தப் படலம்தான். ஸ்ரபிலோகொக்கசிலும் சில குலங்கள் இப்படியான பம்புக்குரிய பரம்பரையலகைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும்.

நான் போட்ட சவர்க்காரம் இன்னொரு கேடு. சவர்க்காரம் மறையேற்றம் கொண்டது. நேரேற்ற மருந்தைத் தானே பிடித்துக் கட்டிவிடும். கிருமிக்குப் போக வேண்டியது நுரைக்குப் போனது. தண்ணீரை அளவில்லாமல் கலந்ததும் சேர, கொல்லும் அளவுக்குக் கீழே மருந்து இறங்கிவிட்டது. அந்த அளவில் மெலிந்த கலங்கள் சாகும், தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகும்.

டொக்டர் மாத்திரை எழுதித்தந்தார். கொஞ்ச நாளைக்கு இந்த அயடீனால் கட்டச் சொன்னார். முதல் நாளே அப்பா மூக்கைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை, எரியவுமில்லை, மணக்கவுமில்லை. இது மருந்தோ?"

"எரிஞ்சால்தான் மருந்தெண்டில்லை அப்பா. இரண்டு நிமிசம் காலை ஆட்டாமல் வையுங்கோ."

அந்த இரண்டு நிமிடத்தைத்தான் இந்தப் போத்தலை வாங்குபவர்கள் எல்லாரும் கொடுக்க வேண்டும். பூசியவுடன் துடைத்தால் பயனில்லை. தானாகக் காய விட வேண்டும். அயடீன் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. புரதங்களையும் கொழுப்பையும் பல இடங்களில் ஒட்சியேற்றும். ஒரு பூட்டை மாற்றித் தப்ப முடியாத தாக்குதல் என்பதால் இதற்கு எதிர்ப்பு வளர்வது அரிது. 10% கரைசலில் பயன்படக்கூடிய அயடீன் 1% அளவுதான். அதுவும் பெரும்பாலும் போவிடோன் என்ற பல்பகுதியத்தில் கட்டுண்டு, மெல்ல மெல்ல விடுபடும். மதுசாரத்தில் கரைத்த பழைய திங்சர் அயடீனைப் போல எரியாததற்கு இதுவும் ஒரு காரணம். 1811இல் அயடீனை முதலில் பிரித்தெடுத்தவர் பிரான்சின் கூர்த்துவா. கடற்பாசிச் சாம்பலிலிருந்து எடுத்தார். இதைச் சொன்ன பிறகுதான் அப்பா அந்தப் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

என் குசினியில் ஒரு சோதனையும் செய்தேன். சோற்றுக்கஞ்சியில் ஒரு துளி விட்டால் கருநீலம். இன்னொரு தட்டில் ஒரு துளி விட்டு, தேசிக்காய் பிழிந்தால் கபிலம் வெளிறிப் போகும். உயிர்ச்சத்து சி அதைத் தாழ்த்தி, கொல்லும் பலமில்லாத அயடைட்டாக்கிவிடுகிறது. புண்ணில் சீழும் இரத்தமும் அழுகிய சதையும் இருந்தாலும் இதுதான் நடக்கும்: அயடீன் அவற்றோடு வேலை செய்து தீர்ந்துபோகும். ஆகவே முதலில் சேலைன் என்ற உப்புநீரால் கழுவி, பஞ்சால் ஒற்றி, பிறகு பூசினேன். பூசிய இடத்தில் நிறம் சட்டென்று வெளிறினால் மருந்து அங்கே தீர்ந்துவிட்டது. மூடி திறந்தால் உள்ளே இருப்பதை நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லக்கூடிய மருந்து வேறொன்றை நான் வீட்டில் கண்டதில்லை.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். 1980இல் அமெரிக்காவில் ஒரு போவிடோன் அயடீன் தயாரிப்புக்குள்ளேயே, அக்காலத்தில் சூடோமோனாஸ் என வகுத்திருந்த பற்றீரியா உயிரோடிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் போத்தலின் வாயைப் புண்ணிலோ பஞ்சிலோ முட்ட விடுவதில்லை. கிண்ணத்தில் ஊற்றியதை மீண்டும் போத்தலுக்குள் விடுவதுமில்லை.

குறைகள் உண்டு. அப்பாவின் இரண்டு வெள்ளைச் சாரத்தில் கறை படிந்துவிட்டது. தைரொயிட் வருத்தக்காரர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்குக் கேட்காமல் போடக்கூடாது. எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, கிருமியையும் புதுச்சதையையும் இது பிரித்துப் பார்க்காதது. புண் இளஞ்சிவப்பாகத் தளிர்க்கத் தொடங்கியதும், "இனி வேண்டாம், சேலைன் மட்டும்" என்று மிஸ்ஸி (தாதி) நிறுத்திவிட்டார். லேபலில் அதைப் பெரிய எழுத்தில், தமிழில் போட்டிருக்க வேண்டும். என்னிடம் இருந்த மூன்று போத்தலிலும் கண்ணுக்கெட்டும் எழுத்து ஆங்கிலம்தான். வலையோடும் மீன்முள்ளோடும் மல்லுக்கட்டும் மனிதர்கள் வாங்கும் மருந்து இது. எத்தனை தரம், எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் மொழியில் எழுதாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணா திருக்கை முள் குத்திய கைக்கும் இதைப் பூசலாமா என்று கேட்டார். வெளியில் பூசலாம், ஆழத்துக்குப் போகாது. ஏற்புவலிப் பற்றீரியா வித்தியாக இருக்கும்போது இதெல்லாம் அதை இலகுவில் தொடாது. ஸ்பிரிட்டுக்கும் அது அசையாது. கடல் காயம் என்றால் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போய்ப் போட்டுக்கொண்டார்.

வைக்கும் இடமும் முக்கியம். கச்சான் காலத்தில் எங்கள் தகரக் கூரைக் குசினி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். முதல் போத்தலை அங்கே யன்னலோரம் வைத்திருந்தேன். இப்போது அப்பாவின் அறை அலுமாரிக்குள், இருட்டில் இருக்கிறது. மூடியில் திறந்த தேதியை மார்க்கர் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மதிப்பு: ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அந்த லேபலுக்காக. அப்பாவின் புண் இப்போது ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குச் சுருங்கிவிட்டது. நேற்றுக் காலையும், கரைக்குக் கூட்டிப்போ என்று கேட்டார். சப்பாத்து வாங்கித் தந்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன்.