ஊதா அட்டைச் சிலுவைப்பாதைப் புத்தகம்: வாங்கலாம், ஒன்பதாம் நிலையில் மட்டும் கவனம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன் வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் எங்கள் அன்பியத்துக்காக, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவுக்காக, இந்தப் புத்தகம் ஒரு கட்டு வாங்கினேன். ஒன்று 60 ரூபாய். ஊதா அட்டை, முன்பக்கம் வெறும் சிலுவை, உள்ளே பெரிய எழுத்து. குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருப்பதால் போட்டவர்கள் பெயரை எழுதவில்லை. ஊதா அட்டை, பெரிய எழுத்து என்று கேட்டால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார்.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்கும் திருப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகச் சிலுவைப்பாதை நடக்கும், இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாக நினைத்து ஜெபிப்பதுதான் அது. இந்தப் பக்கம் தவக்காலமும் உளுந்து பிடுங்கும் காலமும் ஒன்றாகத்தான் வரும். பகல் முழுக்கக் குனிந்து செடி பிடுங்கிவிட்டு, குளித்த ஈரத்தலையோடு வந்து உட்காருகிற பெண்களிடம் பொடி எழுத்துப் புத்தகத்தை நீட்டினால் யாராவது ஒருவர்தான் வாசிப்பார், மற்றவர்கள் தூங்கி வழிவார்கள். இந்த வருஷம் நிலைக்கு ஒருவராக வாசித்தோம். கரண்ட் போன ஒரு வெள்ளிக்கிழமை என் மாமியார் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல், நான்காம் நிலையைத் தடுமாறாமல் வாசித்து முடித்தார். அட்டை வழவழப்பானது. மெழுகு சொட்டினால் ஆறவிட்டு நகத்தால் நெம்பினால் போதும், கறை தெரியாது.

பைண்டிங்தான் மோசம். நடுவில் இரண்டு பின் அடித்ததோடு விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே நடுத்தாள் கழன்று, பத்தாம் நிலையும் பதினொன்றாம் நிலையும் தனியாகக் கையில் வந்துவிடுகின்றன. எல்லாப் புத்தகத்தையும் கோணி ஊசியால் நானே தைத்தேன். இன்னொரு சங்கடம், எல்லாரும் சேர்ந்து சொல்லும் பதிலுரையை மாற்றியிருக்கிறார்கள். பாட்டிமார்கள் புத்தகத்தைத் திறக்காமலேயே "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று பழையபடி சொல்ல, சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளதைச் சொல்ல, கொஞ்ச நாள் ஒரே இரைச்சல். கடைசியில் பாட்டிமார்கள்தான் ஜெயித்தார்கள்.

சரி, உள்ளே இருப்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு நிலையிலும் சிந்தனைக்குப் பின் "மௌனம்" என்று போட்டு அரைப்பக்கம் வெற்றாக விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நிலையில் சிந்தனையே கிடையாது. விவிலியத்தின் 22ஆம் திருப்பாடலின் முதல் வரிகளும் மௌனமும் மட்டும்தான். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு சிலுவையில் கதறியது அந்தப் பாட்டின் தொடக்கம். பாட்டு போகப் போகப் புகழ்ச்சியாக மாறும். பெரும்பாலான புத்தகங்கள் அந்தப் பிற்பகுதிக்கு ஓடிப்போய் நிம்மதி தேடும். இது ஓடவில்லை. கீழே 88ஆம் திருப்பாடலையும் வாசிக்கச் சொல்கிறது. அது கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிற பாட்டு. சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்த யாரோதான் இதைத் தொகுத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே ஆள்தான் ஒன்பதாம் நிலையையும் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம். இயேசு சிலுவையோடு மூன்றாம் முறை விழுகிற இடம் அது. இரண்டாம் பத்தி, நம் வீட்டில் நடந்த இழப்புகளுக்கு நம் பாவமே காரணம், எந்தப் பாவம் என்று தேடிப் பாருங்கள் என்கிறது. எங்கள் அன்பியத்தில் ஒரு பெண், 26 டிசம்பர் 2004 காலையில் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை அந்த நிலையை வாசிப்பது அவர் முறை. அந்தப் பத்தி வரைக்கும் வாசித்தார். அப்புறம் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, "பத்தாவதுக்குப் போங்க அக்கா" என்றார்.

சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கரையில் வைத்து விற்கும் புத்தகத்தில் இப்படி ஒரு பத்தி. விவிலியம் இதைச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசுவே பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட இவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்கிறார். மனம் மாறுங்கள் என்றும் சொல்கிறார்தான், ஆனால் அதை உயிரோடு நிற்கிறவர்களைப் பார்த்துச் சொல்கிறார். குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவிடம் உன் பாவம் உன் பாவம் என்று பேசிய நண்பர்கள் மேல் கடைசியில் கடவுளுக்குச் சினம் மூள்கிறது. இதையெல்லாம் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் பார்த்திருக்கக் கூடாதா? அடுத்த வெள்ளியிலிருந்து அந்தப் பத்தியை விட்டுவிட்டு லூக்கா 13இன் முதல் ஐந்து வசனங்களை வாசித்தோம்.

கழன்று விழும் தாளில்தான் புத்தகத்தின் நல்ல பக்கமும் இருக்கிறது. பதினொன்றாம் நிலை, ஆணி அறைகிற இடம். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்கிற வார்த்தையை எடுத்துக்கொண்டு, ஆணி இறங்கும் நேரத்தில் இயேசு அறைகிறவர்களிடம் எதுவும் பேசவில்லை, மன்னிப்பைத் தந்தையிடம் கேட்கிறார் என்று காட்டுகிறது. மன்னிக்க மனம் வராதவர் வந்ததாக நடிக்க வேண்டாம், அந்த ஆளின் பெயரைக் கடவுளிடம் சொன்னால் இன்றைக்குப் போதும் என்று முடிக்கிறது. வாய்க்கால் தகராறில் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேசாத ஒரு அண்ணன் எங்கள் கூட்டத்தில் உண்டு. இருவரும் வருவார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். அந்த மௌனத்தில் அண்ணனின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது.

பின்னிணைப்பைத் தவற விடாதீர்கள். வழக்கமான 14 நிலைகளில் இயேசுவின் மூன்று வீழ்ச்சிகளும் அவர் முகம் துடைத்த வெரோணிக்காவும் நற்செய்தியில் கிடையாது, மரபு வழி வந்தவை. 1991 புனித வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ரோமையில் முழுக்க விவிலியக் காட்சிகளாலான வேறொரு வரிசையைப் பயன்படுத்தினார். அதைத்தான் பின்னால் கொடுத்திருக்கிறார்கள். அது கெத்சமனித் தோட்டத்தில் தொடங்குகிறது. சீடர் பேதுரு இயேசுவை மறுதலிப்பது அதில் நான்காம் நிலை. அங்கே யோவான் நற்செய்தியின் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தலைமைக் குரு வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி நான் அவருடைய சீடன் இல்லை என்கிறார் பேதுரு. உயிர்த்த பின் திபேரியக் கடற்கரையில் இயேசு கரிநெருப்பு மூட்டி, அதில் மீன் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. என்மீது அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்கிறார், தம் ஆடுகளை, அதாவது தம் மக்களை, பேதுருவின் கையில் ஒப்படைக்கிறார். எங்கள் ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்கள்.

பதினைந்தாவதாக உயிர்ப்பு நிலையையும் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் கல்லறை நிலை இருக்கும் அதே பக்கத்தில். புனித வெள்ளியன்று மெழுகுவர்த்தி அணைவதற்குள் ஆண்டவர் எழுந்துவிடுகிறார்! ஈஸ்டர் வரை பொறுத்திருக்கலாம். பின்னட்டையில் உள்ள க்யூஆர் கோடு ஒரு பாட்டைத் திறக்கிறது, விளம்பரத்தோடு.

நூல் தையல் போட்டு வந்தால் 20 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன். உடம்பு முடியாமல் படுத்திருக்கிற ஒருவருக்கு வாசித்துக் காட்ட வாங்குகிறீர்கள் என்றால் ஒன்பதாம் நிலையின் இரண்டாம் பத்தியை முதலிலேயே பேனாவால் அடித்துவிட்டு எடுத்துப் போங்கள்.