முதல் துளை: வெரஸ் ஊசியா, ஹாசன் முறையா?

சிறு துளைகள் வழியாக வயிற்றுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவையான லேப்ராஸ்கோப்பியில், கேமரா உள்ளே போய்விட்டால் எல்லாமே திரையில் தெரியும். அதற்கு முன் போடும் முதல் துளைதான் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும் கட்டம். குடலோ பெரிய ரத்தக்குழாயோ காயப்படுவது பெரும்பாலும் அப்போதுதான்.

வெரஸ் ஊசியை 1930களில் ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஸ் காசநோயாளிகளின் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று செலுத்துவதற்காக உருவாக்கினார். வயிற்றுக்கு வந்தது அப்புறம்தான். ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். கூர்மையான குழலுக்குள் ஸ்பிரிங்கில் ஒரு மழுங்கிய முனை. தொப்புளில் குத்தினால் தசையுறையில் ஒரு 'டக்', வயிற்றின் உள்சவ்வில் இன்னொரு 'டக்' என்று விரலுக்குத் தெரியும். தடை விலகியதும் மழுங்கிய முனை முன்னால் வந்து குடலைக் காக்கும். வயிற்றை உப்பவைக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திறந்ததும் மானியில் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நின்றால் சரியான இடம். ஏறிக்கொண்டே போனால் உடனே வாயுவை நிறுத்திவிட வேண்டும்.

வேகமான வழி, சின்னத் துளை. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெலிந்தவர்களுக்குத் தொப்புளுக்கும் பெருந்தமனிக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான்.

சிகாகோவின் மகளிர் நோய் மருத்துவர் ஹாரித் ஹாசன் 1971இல் சொன்ன வழி வேறு. தோலை வெட்டி, தசையுறையைத் தூக்கிப் பிடித்துத் திறந்து, இருபுறமும் தையல் போட்டு, உள்சவ்வையும் பார்த்தே திறக்க வேண்டும். பிறகு மழுங்கிய முனையுள்ள குழாயை இறக்கி, அந்தத் தையல்களாலேயே அதைக் கட்டிவிடலாம். முடியும்போது அவையே துளையை மூடவும் உதவும். பருமனானவர்களுக்கு ஆழத்தில் தேட வேண்டும், வாயுவும் கசியும். குடல் அங்கேயே ஒட்டியிருந்தால் இதிலும் காயம் வரலாம். ஆனால் கண்ணில் படும், உடனே தைக்கலாம். அதனால்தான் நான் இந்தப் பக்கம்.

ட்ரோகார் என்பது வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குழாயை உள்ளே இறக்கும் கருவி. நுனி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் ஆப்டிகல் ட்ரோகாரில் கேமராவோடே அடுக்கடுக்காகப் பார்த்து இறங்கலாம். பருமனானவர்களுக்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் ஒருமுறை உபயோகம், செலவு கூடும்.

வயிற்றில் ஏற்கெனவே நடுக்கோட்டுத் தழும்பு இருந்தால் தொப்புளையே விட்டுவிடுவேன். இடது விலா விளிம்புக்கு 3 செ.மீ. கீழே இருக்கும் பால்மர் புள்ளியில், பழைய அறுவையால் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருப்பது அபூர்வம். முதலில் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்ய வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தால் அந்த இடமும் ஆகாது.

எந்த வழியில் போனாலும், கேமரா நுழைந்ததும் பித்தப்பையையோ குடல்வாலையோ தேட மாட்டேன். துளைக்கு நேர் கீழே குடல்மேல் ஒரு சொட்டு ரத்தமாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.