பின்சில்லு மட்டும் இழுக்கிற பிக்கப்பும் ஒரு படகும்: நாலு வருட அனுபவம்

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் வீடு. படகு நிற்பதும் வீட்டு மாமரத்தின் கீழேதான். கரையில் வாடி (மீனவர் கொட்டில்) வைத்திருப்பவர்களுக்குப் படகை இழுத்துக்கொண்டு போய்வரும் தலையிடி இல்லை. எனக்குக் கடல் கிழமையில் இரண்டு நாள் மட்டுமே. 18 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு எஞ்சின், ஒரு ட்ரெய்லர், அதை இழுக்க ஒரு பழைய ஹைலக்ஸ் சிங்கிள் கப் (முன்னால் ஒரே வரிசை இருக்கை உள்ள பிக்கப்). ஃபோர் வீல்தான் வாங்க நினைத்தேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது.

இந்த வண்டியால் படகு இறக்கி ஏற்றலாமா? ஏற்றலாம், பின்சில்லு ஈரமணலைத் தொடாதவரை. இதை நான் படித்தது நாயாற்றுக் களப்பு ஓரத்தில். இறக்கும்போது எல்லாம் நன்றாகவே போனது. மாலையில் படகை ட்ரெய்லரில் ஏற்றிக் கிளம்பினால் பின்சில்லு ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, மற்றது அசையவில்லை. நான் பதறி இன்னும் மிதித்தேன். கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா கத்தினார்: "தம்பி, அமத்தாதை! சில்லு கிணறு வெட்டுது!" நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அச்சு மணலில் இருந்தது. உழவு இயந்திரம் வந்துதான் இழுத்தது.

பிறகுதான் தெரிந்தது, பாதிப் பிழை ட்ரெய்லரில். வெல்டிங் செய்தவர் அச்சைச் சரி நடுவில் வைத்துவிட்டார். எஞ்சின் பின்னால் தொங்குவதால் ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். அது வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். இழுக்கிற சில்லில் பாரமே இல்லாவிட்டால் அது சுற்றாமல் என்ன செய்யும்? நெல் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம்: 15 கிலோ. படகும் ட்ரெய்லரும் சேர்த்து ஏறக்குறைய 700 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 கிலோவாவது கொக்கியில் இறங்க வேண்டும். அச்சைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டுவித்தேன். தெருவில் ட்ரெய்லர் வால் ஆட்டுவதும் அன்றோடு நின்றது.

அப்புறம் உரப்பை. நாலு உரப்பையில் அங்கேயே மணல் அள்ளி, பின்னச்சுக்கு நேர் மேலே அடுக்குவேன். பின்கதவோரம் போடக் கூடாது, முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. வேலை முடிந்ததும் கரையிலேயே கொட்டிவிடலாம், வீட்டுக்குச் சுமக்கத் தேவையில்லை. மணலில் இறங்குமுன் டயர்க் காற்றை 18 இறாத்தலுக்குக் குறைப்பேன். திரும்பத் தெருவில் ஏறுமுன் அடித்தே ஆக வேண்டும், அதனால் ஒரு கால் பம் எப்போதும் வண்டியில் கிடக்கும். சில்லின் கீழ் பழைய கிடுகு போடலாம். புதுக் கிடுகு வழுக்கும், வீண்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது 40 அடிக் கயிறுதான். வண்டியைக் கிரவல் தரையிலேயே நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, ட்ரெய்லரைக் கழற்றிக் கயிற்றில் மெல்ல இறக்குவேன். மூக்கில் ஒரு சின்னச் சில்லு பூட்டியிருக்கிறேன். ஏற்றும்போது அதே கயிற்றால் இழுப்பு. கயிறு விறைத்து நிற்கும்போது பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. மருமகன் ஒருதரம் நின்றான், என்னிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பாசி பிடித்த சீமெந்துச் சரிவில் மாட்டினால் இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்து, ஹாண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். வெறுமனே சுற்றும் சில்லை அது தடுக்க, விசை மற்றச் சில்லுக்குப் போகும். சில நேரம் சரிவரும், சில நேரம் எஞ்சின் நின்றுவிடும்.

வாடைக்காற்று தொடங்கினால் கிழக்குக் கடல் இறங்க விடாது. அந்த மாதங்களில் மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வழியாக மேற்குக் கரைக்குப் போவேன், அங்குள்ள மீனவர் சங்கத்தோடு பேசிக்கொண்டுதான். அந்தப் பக்கம் அலை குறைவு. ஆனால் கடல் நெடுந்தூரம் முழங்கால் ஆழம், கீழே சேறு. படகு மிதக்கும் இடம்வரை ட்ரெய்லரைத் தள்ளுவதற்குள் இடுப்பு விட்டுவிடும். அங்கே ஹைலக்ஸை நம்பாதீர்கள், ஆட்களை நம்புங்கள். இன்னொன்று, நெடுந்தூரம் ஓடி வந்த ட்ரெய்லரை உடனே தண்ணீரில் விடாதீர்கள். சூடான பெயாரிங் சட்டென்று குளிரும்போது உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆறட்டும். விளக்கு வயரையும் அப்போதே கழற்றிவிடுங்கள்.

உப்பு எடுத்த கணக்கு: ட்ரெய்லர் பெயாரிங் இரண்டு தரம், வண்டியின் பின் பிரேக் ஒரு தரம், வில்தகட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் முழுவதும். முதல் வருடம் கழுவாமல் விட்ட சோம்பலுக்குக் கட்டிய காசு அது. இப்போது வந்த கையோடு கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கம் முழுவதும் அடித்துவிட்டுத்தான் சாப்பாடு.

முல்லைத்தீவுத் திறந்த கரையில் மட்டும் இன்றைக்கும் உழவு இயந்திரத்தைத்தான் கூப்பிடுகிறேன். அந்த மணலில் இந்த வண்டியோடு வீரம் காட்ட முடியாது. போன வருடம் மூன்று தரம்தான் கூப்பிட்டேன். "என்ன அண்ணை, கடலை விட்டிட்டீங்களோ?" என்று கேட்கிறார் அதன் சொந்தக்காரர்.