பேப்பருக்குக் கட்டுரை எழுதப் பழக்கின வகுப்பு, போய்ப் பாத்தன்

மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை நடத்தின வகுப்பு. காலநிலை, கரண்ட் விஷயங்களப் பத்தி பேப்பர்ல கருத்துக் கட்டுரை எழுதி மேல இரிக்கிறவன்ட காதுல போடுறது எப்பிடி எண்டதுதான் தலைப்பு. பேர் வேணாம். 2500 ரூபா, மத்தியானச் சோத்துப் பார்சலும் அதுக்குள்ளதான் (மீன் சரியான உப்பு).

காலம சொன்ன மொபில் கதைக்கே குடுத்த காசு சரி. அந்த எண்ணெய்க் கொம்பனி 1972ல இருந்து கனகாலம் நியூயோர்க் டைம்ஸ்ட கருத்துப் பக்கத்திலயே காசு குடுத்து இடம் வாங்கி, பாத்தா கட்டுரை மாதிரியே விளம்பரம் போட்டு வந்திரிக்கு. மறுகா 2017ல ஹாவர்ட் ஆக்கள் ரெண்டு பேர் எக்ஸொன்மொபில்ட (மொபில் பிறகு எக்ஸொனோட சேந்து வந்த கொம்பனி) பழைய தாள்களக் கிண்டினா, அவங்கட விஞ்ஞானக் கட்டுரைகள்ள 100க்கு 80க்கு மேல சூடு கூடுறதுக்கு மனிசன்தான் காரணம் எண்டு ஒத்துக்கொள்ளுது, பேப்பர்ல போட்டதுல 12தான் ஒத்துக்கொள்ளுது, 81 சந்தேகத்தக் கிளப்புது. இப்ப எந்தக் கட்டுரையப் பாத்தாலும் முதல்ல கட்டுரைக்குக் கீழ, எழுதினவன் எங்க வேலை செய்யிறான் எண்டுதான் கண் போகுது.

அடுத்தது திருத்திற வேலை. 2025 சித்திரை வருசத்துக்கு லீவுல கரண்ட் பாவிப்பு விழுந்து பகல்ல கரண்ட் மிஞ்சிரும் எண்டு மின்சார சபை, கூரை சோலர் வெச்சவங்கள பின்னேரம் 3 மணி வரைக்கும் ஓஃப் பண்ணச் சொல்லிக் கேட்டாங்களே, அதத்தான் எழுதிக்கொண்டு போனன். ஆதிகாலம் தொட்டு மனிதன் சூரியனை வணங்கி எண்டு நான் தொடங்கின ரெண்டு பந்தியையும் சேர் சிவப்புப் பேனையால ஒரே கோடா இழுத்திட்டு, "இது மேடைப்பேச்சு மனே, நீ என்ன செய்யச் சொல்றாய்?" எண்டார். அப்பதான் பேட்டரியில சேத்து ராவைக்குக் குடுக்கிற யூனிட்டுக்கு தனி விலை வேணும் எண்ட வசனம் மேல வந்திச்சு. கரண்ட் கட்டணத்த முடிவெடுக்கிற பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழு அதப் பத்தி சனத்திட்ட கருத்துக் கேக்கிற நாள்ளதான் எழுதணுமாம். 2025 தையில 20 வீதம் குறைஞ்சி ஆனியில 15 வீதம் கூடின மாதிரி முடிவு வந்த பிறகு எழுதினா புலம்பல்தானாம்.

குறை எண்டா, காட்டின மாதிரிக் கட்டுரை எல்லாம் இங்கிலீஷ். நம்மட தமிழ் பேப்பருக்கு யாருக்கு அனுப்புற, எந்த எழுத்துருவுல, யூனிகோடா பாமினியா எண்டு பின்னால இரிந்த தங்கச்சி கேட்டதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கல்ல. ரெண்டு மணிக்கு கரண்டும் போச்சு, கரண்டப் பத்தின வகுப்புல புரொஜெக்டரும் இல்ல காத்தாடியும் இல்ல. ரெண்டு கிழமைக்குள்ள கட்டுரைய அனுப்புங்க திருத்தித் தாறம் எண்டாங்க, அஞ்சு கிழமை, ரெண்டு தரம் ஞாபகப்படுத்தியும் வாட்ஸப்புல நீல டிக் மட்டும்தான்.

5க்கு 3. காலம பகுதி மட்டும் நடத்தினா 4 போட்டிருப்பன்.

கடைசியா நானே ஒரு பேப்பருக்கு அனுப்பினன், வாசகர் கடிதத்துக்குள்ள பாதியா வெட்டிப் போட்டிருந்தாங்க. பேட்டரி வசனம் போச்சு. மனசு கேக்காம அடியில சொருகி விட்ட சூரிய பகவான் வரி மட்டும் முழுசா வந்திரிக்கு.